ஒரு சொட்டு ரத்தத்துக்கு நூறு கிலோமீட்டர்

என் சித்தியின் நெஞ்சுக்குள் ஒரு கடிகாரம் இருப்பதாக எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வெகுகாலம் நம்பினார்கள். இரவில் கரண்ட் போய் மின்விசிறி நின்றால் ‘டிக், டிக்’ என்று கேட்கும். இருபத்தாறு வயதில் அவருடைய மைட்ரல் வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு ஒன்றை வைத்தார்கள். சிறு வயதில் அடிக்கடி வந்த தொண்டை வலியையும் காய்ச்சலையும் மூட்டு வீக்கத்தையும் ‘வளர்ற பிள்ளைக்கு வர்றதுதான்’ என்று விட்டதன் விளைவு அது. ரூமாட்டிக் காய்ச்சல் மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தருவார்கள். கடித்துவிட்டிருந்தது.

வைத்த வால்வு இருபத்திரண்டு வருடமாக நன்றாகவே உழைக்கிறது. சித்தியைப் பாடாய்ப்படுத்துவது அதற்காகத் தினமும் இரவில் விழுங்க வேண்டிய சின்ன மாத்திரை. ஊரில் அதை ‘ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை’ என்பார்கள். உண்மையில் அது ரத்தத்தை நீர்க்க வைப்பதில்லை. உறைவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். மாத்திரையின் வேகம் குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வேகம் கூடினால் முதலில் ஈறில் கசியும், பிறகு எங்கே வேண்டுமானாலும் கசியும். இரண்டுக்கும் நடுவே ஒற்றை வரப்பு. அந்த வரப்பைக் காட்டும் எண்ணுக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். மருந்து சாப்பிடாதவருக்கு அது 1. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்தவருக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தின் அந்தக் கிராமத்திலிருந்து முதல் பஸ் காலை நாலரைக்கு. நூறு கிலோமீட்டர் தள்ளி நகரத்து மருத்துவமனை. ஒரு முறை நானும் துணைக்குப் போனேன். ஓ.பி. சீட்டு, பிறகு லேப் வரிசை. நரம்பு அகப்படாமல் இரண்டு இடத்தில் குத்தி எடுத்த ரத்தம், நீல மூடிக் குழாயின் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. “இது செல்லாதும்மா, மறுபடி எடுக்கணும்” என்றார் லேப் பெண். அவர் சொன்னது சரிதான். அந்தக் குழாயில் சிட்ரேட் திரவம் முன்கூட்டியே இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கு பிசகினால் எண்ணும் பிசகும். மூன்றாவது முறை குத்தினார்கள். முடிவு பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது: 1.7. மருந்தைக் கூட்டிக்கொடுக்க வேண்டிய மருத்துவர் பன்னிரண்டு மணிக்கே ஓ.பி. முடித்துப் போயிருந்தார். “நாளைக்கு வந்து காட்டுங்க.” நாளைக்கு என்றால் இன்னொரு நாலரை மணி பஸ், இன்னொரு நாள் கூலி. சித்தி அந்தத் தாளை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் போட்டார். அடுத்த மாதம்தான் காட்டினார்.

பரிசோதனை நடந்தது. முடிவும் பிழையில்லாமல் வந்தது. ஆனாலும் அந்த ஒரு மாதமும் அவர் 1.7-ஓடுதான் களையெடுத்தார், தண்ணீர் சுமந்தார்.

ஒரே திண்ணை, இரண்டு நோயாளிகள்

அதே வீட்டில் சித்தப்பாவுக்குச் சர்க்கரை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒரு பெண் தன்னார்வலர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வருகிறார். திண்ணையில் உட்காரவைத்து விரலில் குத்துகிறார். ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு. சித்தப்பா வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் எண் வந்துவிடுகிறது. மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார். சித்தி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். “எனக்கும் இதே மாதிரி ஒண்ணு கண்டுபிடிக்கலையா?” என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

கண்டுபிடித்து வெகு நாளாகிறது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். 1962-ல் லேலண்ட் கிளார்க்கும் லயன்ஸும் ஒரு மின்முனையின் மேல் நொதியைப் பூசி, ரத்தச் சர்க்கரையை மின்சாரமாகப் படிக்கலாம் என்று காட்டினார்கள். அந்த யோசனைதான் இன்று தெருமுனை மருந்துக் கடையில் விற்கும் குளுக்கோமீட்டர். ரத்தம் உறையும் நேரத்தையும் அதே வழியில் படிக்கும் கையடக்கக் கருவிகள் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் இருபது ஆண்டுகளாகப் புழங்குகின்றன.

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். சொட்டு என்று நாம் சொல்வது 8 மைக்ரோலிட்டர். ஒரு டீஸ்பூனில் அறுநூறு சொட்டுக்கு மேல் அடங்கும். ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் தொட்டதும் மெல்லிய வாய்க்கால் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கருவி ஸ்ட்ரிப்பை உடல் சூட்டுக்கு, 37 டிகிரிக்கு, வைத்திருக்கும். உள்ளே உலர்த்தி வைத்திருக்கும் திராம்போபிளாஸ்டின் ரத்தத்தோடு கலந்து ‘இங்கே காயம்’ என்று பொய்ச் செய்தி சொல்கிறது. ரத்தம் நம்பிவிடும். உறைவுக் காரணிகள் ஒன்றையொன்று தட்டியெழுப்பி, கடைசியில் திராம்பின் பிறக்கும். உடலுக்குள் என்றால் அது ஃபைப்ரினோஜனை வெட்டி வலை பின்னியிருக்கும். ஸ்ட்ரிப்பில் அதற்கென்று ஒரு போலி இரையை வைத்திருக்கிறார்கள். திராம்பின் அந்தச் சிறு புரதத் துணுக்கை வெட்டியதும், அதன் வாலில் கட்டியிருந்த மூலக்கூறு விடுபட்டு மின்முனைக்கு எலெக்ட்ரான்களைக் கொடுக்கிறது. மின்னோட்டம் சட்டென்று எகிறும். ரத்தம் உள்ளே போன நொடியிலிருந்து இந்த எகிறல் வரைக்கும் ஆன நேரம்தான் ஐ.என்.ஆராக மாற்றப்படுகிறது. சிட்ரேட் இல்லை, மையவிலக்குச் சுழற்சி இல்லை, மூன்று மணி வரை காத்திருப்பதும் இல்லை. ஏறக்குறைய ஒரு நிமிடம்.

கவனித்துப் பார்த்தால், இந்தக் கருவி ரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளப்பதே இல்லை. மருந்து என்ன செய்திருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் வார்ஃபரின் மருந்தின் மூலக்கூறையே மின்முனையில் நேரடியாகப் பிடித்து எண்ணும் உணரிகளைப் பற்றி உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன. கிராஃபீன், தங்க நானோதுகள் என்று ஆண்டுக்கொரு புதுப் பூச்சு. அவற்றின் வேதியியல் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் சித்திக்கு அது உதவாது. ரத்தத்தில் இருக்கும் வார்ஃபரினில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு ஆல்புமினை ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றுகிறது. மீதி ஒரு பங்கு என்ன செய்யும் என்பது கல்லீரல் நொதியின் மரபணு, நேற்று சாப்பிட்ட கீரை, போன வாரம் போட்ட ஆன்ட்டிபயாட்டிக் எல்லாவற்றையும் பொறுத்தது. ஒரே அளவு மருந்து ஒருவருக்குப் போதாமல் போகும், பக்கத்துப் படுக்கைக்காரரை ரத்தம் கக்க வைக்கும்.

மருந்துக்கு முன் பிறந்த அளவுகோல்

1933 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, பனிப்புயலில் 190 மைல் வண்டி ஓட்டி, செத்த கிடாரியையும் உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும் மேடிசனில் உள்ள பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகத்தில் இறக்கினார். கெட்டுப்போன இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் சின்னக் கீறலிலேயே ரத்தம் வடிந்து செத்துக்கொண்டிருந்த காலம். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பனியோடும் பால் கேனோடும் நின்றுவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த ஆறு ஆண்டுகள். வைக்கோலில் ஆயிரம் வேதிப்பொருள் இருக்கும்; குற்றவாளி எது? லிங்க்கின் குழு முயல் ரத்தத்தில் உறைவு நேரத்தை அளக்கும் ஒரு முறையை முதலில் உருவாக்கியது. வைக்கோலிலிருந்து பிரித்த ஒவ்வொரு பின்னத்தையும் அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தார்கள். 1939-ல்தான் ஹரோல்டு கேம்ப்பெல் கையில் சில மில்லிகிராம் படிகம் கிடைத்தது. அளவுகோல் இல்லையென்றால் மருந்தே கிடைத்திருக்காது. அந்தப் படிகத்தின் வழிவந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்து, 1954-ல் மனிதருக்கு அனுமதி பெற்றது. நம்மூரில் அதன் பங்காளி அசினோகூமரால் பரவலாக எழுதப்படுகிறது. அது உடலில் தங்கும் நேரம் வார்ஃபரினைவிடக் குறைவு. ஒரு வேளை தவறினாலே எண் ஆட்டம் காட்டும்.

அளவுகோலும் நெடுங்காலம் ஒன்றாக இருக்கவில்லை. 1935-ல் ஆர்மண்ட் குவிக் புரோத்ராம்பின் நேரம் என்ற பரிசோதனையைக் கொடுத்தார். ஆனால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் திராம்போபிளாஸ்டின் வேறு, ஆகவே நொடிக் கணக்கும் வேறு. மந்தமான திராம்போபிளாஸ்டினைப் பயன்படுத்திய அமெரிக்க மருத்துவர்கள், நோயாளிக்கு மருந்து பற்றவில்லை என்று நினைத்துக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தார்கள்; ரத்தக்கசிவும் கூடியது. 1983-ல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். முறையை ஏற்ற பிறகுதான் ஒரே எண் எல்லா ஊரிலும் ஒரே பொருள் தரத் தொடங்கியது.

“இப்போதுதான் பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே” என்று கேட்பவர்கள் உண்டு. 2010-லிருந்து டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் என்று வரிசையாக வந்தன. இதயத் துடிப்பு தாறுமாறாகும் முதியவர்களுக்கு அவை பெரிய விடுதலைதான். உலோக வால்வுக்காரர்களுக்கு அந்தக் கதவு சாத்தியே இருக்கிறது. அவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ரீஅலைன் ஆய்வு, வால்வில் கட்டியும் அதிகம் கசிவும் அதிகம் என்று பாதியிலேயே நிறுத்தப்பட்டு 2013-ல் வெளியானது. ரூமாட்டிக் இதய நோயோடு துடிப்புக் கோளாறும் உள்ளவர்களிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வில், 2022-ல், ரிவராக்சபானைவிடப் பழைய மருந்தே மேல் என்று தெரிந்தது. இறப்பும் அதில்தான் குறைவு. இந்தியா உட்பட ரூமாட்டிக் நோய் இன்னும் ஒழியாத நாடுகளில் நடந்த ஆய்வு அது. ஆக, ஏழை நாட்டு இதயத்துக்குப் பழைய மாத்திரைதான். பழைய மாத்திரை என்றால் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

புது மாத்திரைக்காரர்களுக்கும் அளவு தேவைப்படும் ஒரு நேரம் உண்டு. நள்ளிரவில் பக்கவாதத்தோடு வருகிறார் ஒருவர். கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். அவர் ரிவராக்சபான் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று மகனுக்குத் தெரியாது. இங்கேதான் மருந்தின் அளவையே உடனடியாகக் காட்டும் உணரி உயிர் காக்கும். அந்த ஆராய்ச்சியை நான் மனதார வரவேற்கிறேன். ஹெப்பாரினும் அப்படித்தான். திறந்த இதய அறுவையில் நோயாளியை இதய-நுரையீரல் இயந்திரத்தில் போடும் முன் ஹெப்பாரின் செலுத்தி, உறைவு நேரம் 480 நொடிகளைத் தாண்டியதா என்று மேசையருகிலேயே பார்ப்பார்கள். அந்தக் கருவிகளில் சிலவும் மின்வேதி உணரிகள்தான். வசதி உள்ள இடத்தில் வசதி சேர்வதில் வியப்பில்லை.

எண் பொய் சொன்னபோது

இத்தனை சொன்னவன் அடுத்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கையடக்கக் கருவி என்றாலே நம்பகம் என்று பொருளில்லை. ஐஎன்ரேஷியோ என்ற அமெரிக்கக் கருவி, ரத்தம் உறையும்போது அதன் மின்தடை மாறுவதை வைத்துக் கணக்குப் போட்டது. யோசனை எளிமையானது, கவர்ச்சியானது. ஆனால் சில நோயாளிகளில் ஆய்வக எண்ணைவிட வெகு குறைவான எண்ணைக் காட்டியது. குறைவாகக் காட்டினால் மருத்துவர் மருந்தைக் கூட்டுவார். நோயாளிக்கு ரத்தம் கசியும். 2014 டிசம்பரில் எச்சரிக்கை வந்தது, 2016-ல் கருவியே சந்தையிலிருந்து போனது. அதற்குள் ஒரு விநோதம் நடந்திருந்தது. ரிவராக்சபானை வார்ஃபரினோடு ஒப்பிட்டு, 14,000 பேருக்கு மேல் சேர்த்து, 2011-ல் வெளியான ராக்கெட் ஆய்வில் வார்ஃபரின் குழுவுக்கு ஐ.என்.ஆர். பார்த்தது இதே கருவியால்தான். பழைய மருந்துக்குக் கோணலான அளவுகோலைக் கொடுத்துவிட்டுப் புது மருந்தோடு ஓடவிட்டார்களா என்ற கேள்வி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுந்தது. அமெரிக்க, ஐரோப்பியக் கட்டுப்பாட்டு அமைப்புகள் மறுபடி அலசி, முடிவு பெரிதாக மாறவில்லை என்றன. கேள்வி எழுந்ததே என் கவலைக்குப் போதும்.

2018-ல் இன்னொரு பாடம். பரவலாகப் புழங்கும் ஐ.என்.ஆர். மின்வேதி ஸ்ட்ரிப் ஒன்றை, புதிய சர்வதேசத் தர மாதிரிக்கு ஏற்ப மறு அளவுத்திருத்தம் செய்தார்கள். 4.5-க்கு மேற்பட்ட எண்களில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் மட்டும் 11 லட்சம் பொட்டலங்களுக்கு மேல் திரும்பப் பெறப்பட்டன. வேதியியலில் குற்றமில்லை, ஒப்பிட்டுப் பார்க்கும் படிக்கல் மாறியதில் வந்த கோளாறு.

நம் ஊருக்கு வந்தால் இன்னும் இரண்டு வில்லங்கம். முதலாவது ரத்தசோகை. இந்தக் கருவிகள் முழு ரத்தத்தில் அளப்பதால், சிவப்பணுக்களின் பங்கு குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால்தான் எண்ணை நம்பலாம். ஐஎன்ரேஷியோ சறுக்கிய இடங்களில் ஒன்று இதுதான். தமிழ்நாட்டில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. வால்வு மாற்றியவர்களில் பெண்கள்தான் எத்தனை பேர்! சித்தியிடம் யாரோ ‘கீரையைத் தொடாதே, அதில் வைட்டமின் கே இருக்கு’ என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் முருங்கைக்கீரையை அவர் வாயில் வைக்கவில்லை. கீரை கூடாது என்பது தப்பு. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று தாவக் கூடாது, அவ்வளவுதான். அளந்து பார்க்க வழியிருந்தால் அளவாகச் சாப்பிட்டிருப்பார். அளக்க வழியில்லாததால் கீரையை விட்டார், ரத்தசோகையும் வந்தது.

இரண்டாவது வெயில். ஸ்ட்ரிப்பை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி டப்பாவிலேயே போட்டிருக்கும். சித்திரையில் எங்கள் ஊர் ஓட்டு வீட்டின் அலமாரியைத் தொட்டுப் பாருங்கள். நல்ல ஸ்ட்ரிப்களில், சூட்டாலும் ஈரத்தாலும் உள்ளிருக்கும் சரக்கு கெட்டுவிட்டதா என்று காட்டிக்கொடுக்க ரெசசூரின் என்ற சாயத்தைச் சேர்த்து வைக்கிறார்கள். கெட்டிருந்தால் கருவி எண் காட்டாமல் பிழை காட்டும். தெரியாது என்று சொல்லத் தெரிந்த கருவி என் மதிப்பில் ஒரு படி மேல்.

யாருக்கு அதிகப் பயன்?

வீட்டிலேயே அளப்பதால் உண்மையில் நன்மை உண்டா? 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, வாரம் ஒரு முறை வீட்டில் அளந்தவர்களையும் மாதம் ஒரு முறை மருத்துவமனையில் அளந்தவர்களையும் ஒப்பிட்டு, பக்கவாதத்திலும் கசிவிலும் இறப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. இதைக் காட்டித் திட்டத்தைத் தட்டிக்கழிப்பது எளிது. ஆனால் அந்த ஒப்பீடு ஒழுங்காக நடக்கும் சிறப்பு கிளினிக்குகளோடு. நாலரை மணி பஸ்ஸோடும் சுருக்குப் பையோடும் அல்ல. 2012-ல் லான்செட் இதழில் கார்ல் ஹெனகன் குழு, 11 ஆய்வுகளில் பங்கேற்ற 6,417 பேரின் தரவைத் தனித்தனியாகக் கோத்துப் பார்த்தது. வீட்டில் அளப்பவர்களுக்கு ரத்தக்கட்டி அடைப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. 55 வயதுக்குக் கீழுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்காக. உலோக வால்வுக்காரர்களில் பாதி. இளம் வயது, உலோக வால்வு: அந்த அட்டவணையில் அதிகப் பயன் பெற்ற இரு கட்டங்களும் சேருமிடத்தில் சித்தி நிற்கிறார்.

வால்வு விஷயத்தில் நாம் கைகட்டி நின்றவர்கள் அல்ல. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில், முந்தைய வடிவங்கள் ஒவ்வொன்றாகத் தோற்ற பிறகும் விடாமல் உழைத்து, ஒரு சாய்வட்டு வால்வை உருவாக்கினார்கள். 1990 டிசம்பர் 6 அன்று அது முதன்முதலாக மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றது. இறக்குமதி வால்வின் விலைக்கு அஞ்சிச் சாக வேண்டியிருந்தவர்கள் பிழைத்தார்கள். இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் நெஞ்சில் அது திறந்து மூடுகிறது. சென்னை ஐஐடியில் படித்த ஷ்யாம் கொல்லகோட்டா, அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், கைபேசியின் அதிர்வு மோட்டாரையும் கேமராவையும் ஒரு செம்புத் துகளையும் வைத்தே ரத்தம் உறைவதைக் கண்டுபிடிக்கலாம் என்று 2022-ல் தன் குழுவோடு காட்டினார். ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. ஸ்ட்ரிப் மட்டும் ஏன் இன்னும் இறக்குமதிச் சரக்காக, குளுக்கோஸ் ஸ்ட்ரிப்பைவிடப் பல மடங்கு விலையில் இருக்கிறது? வாங்குபவர்கள் சிதறிக் கிடப்பதால். சர்க்கரைக்காரர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், விலை விழுந்தது. வால்வுக்காரர்களுக்குச் சங்கமும் இல்லை, சந்தையும் இல்லை.

அரசு கையெழுத்திட்டால் ஒரே நாளில் சந்தை உண்டாகும். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு மாற்று அறுவை இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை ஆஸ்பத்திரி வாசலோடு முடிக்காமல், வால்வு உள்ளவரை ஐ.என்.ஆர். ஸ்ட்ரிப் என்று நீட்ட வேண்டும். தமிழ்நாட்டில் வட்டாரங்கள் நானூறுக்கும் குறைவு. வட்டாரத்துக்கொரு கருவி வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால் போதும், தொடக்கத்துக்கு. மொத்த டெண்டரில் மருந்து விலையை இறக்கிக் காட்டிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு ஸ்ட்ரிப் வாங்குவது கம்பசூத்திரமில்லை. விலைக்கு மூக்கணாங்கயிறு போடவும் முன்மாதிரி உண்டு: 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலையை மத்திய அரசு 29,600 ரூபாய்க்குக் கட்டியபோது, உற்பத்தி நின்று உலகம் முடிந்துவிடும் என்றார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை.

இதில் நான் விட்டுக்கொடுக்க விரும்பாத ஒன்று சரிபார்ப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கருவியின் எண்ணையும் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தின் நீல மூடிக் குழாயோடு ஒப்பிட்டுப் பதிய வேண்டும். எண் 4.5-ஐத் தாண்டினால் கருவியை நம்பாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஸ்ட்ரிப்புக்குத் தனியாகச் சின்னக் குளிர்பெட்டி வேண்டும்; தடுப்பூசிப் பெட்டியில் வேறெதையும் வைக்கக் கூடாது என்பது செவிலியருக்குத் தெரியும், கோப்பில் எழுதுபவருக்குத் தெரியாமல் போய்விடும். எண் வந்த அன்றே, ‘அரை மாத்திரை கூட்டு’ என்று போனில் சொல்ல இதயப் பிரிவில் ஒருவர் இருக்க வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லையென்றால் கருவியும் சுருக்குப் பைக்குள் போய்விடும்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு பங்குனியில், மிளகாய்ப் பழம் பறிப்பு மும்முரமாக இருந்ததால் சித்தி மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒரு இரவு மூச்சுத் திணறியது. தூக்கிக்கொண்டு ஓடியபோது சித்தப்பா டாக்டரிடம் சொன்னது ஒன்றே ஒன்று: “ரெண்டு நாளா அந்த டிக் சத்தம் கேக்கலை சார்.” வால்வில் கட்டி. ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றி ஒரு ராத்திரி முழுக்கக் கரைத்தார்கள். விடியற்காலை சத்தம் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் எந்தக் கருவிக்கும் முன்னால் நோயைக் கண்டுபிடித்தது சித்தப்பாவின் காது.

இப்போது சிங்கப்பூரில் வேலைசெய்யும் அவர்கள் மகன் ஒரு கருவி வாங்கி அனுப்பியிருக்கிறான். ஸ்ட்ரிப் டப்பா மண்பானைக்குப் பக்கத்தில், ஈரம் படாமல் எவர்சில்வர் தூக்குக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி விரலில் குத்தி எண் பார்த்து, பள்ளிக்கூட நோட்டில் எழுதி, அதைப் போட்டோ எடுத்து ஒரு மருத்துவருக்கு அனுப்புகிறார். மூன்று மாதமாக 2.6, 3.1, 2.9 என்று ஓடுகிறது. கீரை மறுபடி வந்திருக்கிறது, வாரம் இரண்டு நாள். விஷயம் பரவி, பக்கத்து ஊர்களிலிருந்து வால்வு வைத்த இரண்டு பெண்களும் ஒரு பையனும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஆளுக்கொரு புது ஊசி என்பதில் சித்தி கறார். வீட்டில் இப்படிப் பலருக்குப் பார்ப்பது சரியில்லை என்று எனக்குத் தெரியும், சொல்லியும் பார்த்தேன். “அப்ப அதுகள நாலரை பஸ்ஸுக்கு அனுப்பட்டுமா?” என்றார். போன வாரம் பேசியபோது டப்பாவில் இரண்டு ஸ்ட்ரிப் மீதம் இருந்தது.